சூடம் அணைத்த கை

சூடம் அணைத்த கையைத்தான் வெட்டினார்கள். கழுத்து எட்டாமல் இல்லை. சாத்தையா வரப்பில் குனிந்து நண்டு வளையை மிதித்து அடைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கு அவர் பிடரி வாகாகவே இருந்தது. ஆனாலும் தீபன் அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து, வரப்பு மண்ணில் வைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டான். "ஐயனார் முன்னாடி சூடம் அணைச்சது இந்தக் கைதானே?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் அரிவாளை இறக்கினான்.

முதல் வெட்டில் போகவில்லை. எலும்பில் சிக்கிய அரிவாளை ஆட்டி எடுத்து இன்னொரு முறை வெட்ட வேண்டியிருந்தது. கை வரப்புக்கு மேலப்பக்கம், தீபனின் அப்பா சுந்தரலிங்கத்தின் வயலில் விழுந்தது. சாத்தையா கீழப்பக்கம், தன் வயலில் விழுந்தார். சுற்று வட்டாரமே வெடித்துக் கிடந்த அந்த மாதத்தில், அவர் முகம் பதிந்த இடத்தில் மண் ஈரமாக இருந்தது.

அந்த ஈரம்தான் வழக்கு.

கொக்கேந்தல் கண்மாய்க்கு ஒரே மடை. மடையைத் திறந்தால் தண்ணீர் முதலில் மேலத்தெருக்காரர்களின் வயல்களுக்குப் போகும். அவை வயிறு நிறைந்து ஏப்பம் விட்ட பிறகு, மிச்சம் இருந்தால், கடைமடையில் இருக்கும் கீழத்தெருக்காரர்களின் துண்டு வயல்களுக்கு வரும். மிச்சம் இருந்த வருடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த வருடம் கண்மாய்த் தண்ணீர் மடை மட்டத்துக்கே ஏறவில்லை. சுந்தரலிங்கம் கண்மாய்க்குள் மோட்டாரை இறக்கித் தன் வயலுக்கு இறைத்துக்கொண்டார். கடைமடை வாய்க்காலுக்குப் பலகை போட்டுப் பூட்டியும்விட்டார். அதிகாரி யாரும் கேட்கவில்லை. அவர்களும் அவர் வீட்டில்தான் மோர் குடிப்பார்கள்.

இறைத்த வயல் வெடித்தது. பூட்டிய வயல் பச்சைப் பசேலென்று நின்றது. சுந்தரலிங்கத்துக்கு இருந்த சந்தேகம் யாருக்கும் வரக்கூடியதுதான். வரப்பை வெட்டிய தடம் தேடினார்கள், இல்லை. குழாய் புதைத்திருக்கிறார்களா என்று கடப்பாரையால் குத்திப் பார்த்தார்கள்; இல்லை. அப்படித் துப்புக் கிடைக்காத வழக்கை அந்த ஊரில் ஐயனாரிடம் விட்டுவிடுவார்கள். சாமி முன்னால் வெற்றிலையில் சூடம் ஏற்றி வைக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் "நான் எடுக்கவில்லை" என்று சொல்லி உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பொய்ச் சத்தியமாக இருந்தால் ஐயனார் பார்த்துக்கொள்வார்.

சாத்தையா அணைத்தார். "மேலமடைத் தண்ணியில ஒரு கை கூட நான் எடுக்கலை" என்று சொல்லியே அணைத்தார். தீபனுக்கு ஐயனார் பார்த்துக்கொள்ளும் வரை பொறுமை இல்லை. மறுநாளே வந்துவிட்டான்.

கையை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தால் ஒட்டிப் பார்க்கலாம் என்று மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். கை மேலத்தெருக்காரர் வயலில் கிடந்தது. எடுக்கப் போன மகன் கருப்புராஜாவை வரப்பைத் தாண்ட விடவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் நின்ற யாரும் குனிந்து எடுத்துத் தரவும் இல்லை. போலீஸ் வந்தபோது அதை நாய் தூக்கிப்போயிருந்தது.

* * *

சாத்தையா வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போனவர்கள் நிறையப் பேர். ஓட்டுப் போடப் போவார்கள், புயல் வந்தால் தங்கப் போவார்கள். படிக்கப் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நாகஜோதிதான். அவள் வேளாண் அறிவியல் எடுத்தபோது அண்ணன் கருப்புராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "சேத்துல இருந்து தப்பிக்கத்தானே உன்னைப் படிக்க அனுப்புனோம். நீ என்னடான்னா சேத்தையே படிக்கப் போறே" என்றான். ஆனால் ஊரெல்லாம் போய் அதைப் பெருமையாகச் சொன்னவனும் அவன்தான்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. கடைமடை காயக்கூடாது. அதற்கு மேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி, வெளிநாட்டுக் கருத்தரங்கு, எல்லாம் அந்த ஆசை போகிற வழியில் வந்த ஊர்கள்.

வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள் உண்டு. மண்ணுக்கடியில் நூல் நூலாகப் படர்ந்து செடிக்குச் செடி வேர்களை இணைப்பவை. நாகஜோதி அதில் ஒன்றை எடுத்து, அதன் மரபணுவைத் திருத்தி, நெல்லுக்குப் பழக்கினாள். ஆய்வேட்டில் அதற்கு எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர் இருந்தது. அவள் அம்மா இருளாயி அதைப் 'பங்காளி' என்றாள். அதுவே நின்றுவிட்டது.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் கேட்டார். "இது என்ன செய்யும்னு ஒரு விவசாயிக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"ஒரு செடிக்குத் தாகம் எடுத்தா, ஈரத்துல நிக்கிற செடிகிட்ட இருந்து இது வாங்கிக் கொடுக்கும் சார். எல்லாச் செடியும் ஒரே அளவு ஈரத்துக்கு வர்ற வரைக்கும் கொடுத்துக்கிட்டே இருக்கும்."

"தண்ணி மட்டும்தானா?"

"தண்ணில எது கரைஞ்சிருக்கோ அதுவும் சேர்ந்து போகும். உரம், உப்பு, எல்லாம்."

"ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கே. வரப்பு வந்தா நின்னுருமா?"

"அதுக்கு வரப்புன்னா என்னன்னு தெரியாது சார்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டி ஷகிலா மேடமும் சிரித்தார். நாகஜோதியும் சிரித்தாள்.

வரப்பை அவள் மறந்தவள் அல்ல. அப்பாவின் வயலில் சோதனை நடவு போட்டபோது, நாலு பக்கமும் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி எடுத்து கெட்டி பிளாஸ்டிக் தகடு புதைத்தாள். தகட்டுக்கு அந்தப் பக்கம் நாற்றிலேயே பூஞ்சை ஏறிப் பழகிய வேர் இல்லாவிட்டால் பூஞ்சை அங்கேயே நின்றுவிடும். நாற்றங்காலில் பூஞ்சையைக் கலந்தாள். மிஞ்சுகிற நாற்றை எரித்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அப்பாவைக் கட்டுப்போட உள்ளே கொண்டுபோயிருந்த நேரத்தில், அவள் லேப்டாப்பைத் திறந்து வயலில் புதைத்திருந்த கருவிகள் அனுப்பிய அளவுகளைப் பார்த்தாள். ஈரம் மேலே இருந்து வரவில்லை. மழையில்லை, பனியில்லை. கீழே இருந்து, தகட்டுக்கும் அடியிலிருந்து, மேற்குப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. மேற்கே இருந்தது சுந்தரலிங்கத்தின் வயல்.

"அம்மா, மிஞ்சுன நாத்தை என்ன செஞ்ச?"

இருளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன செய்ய? வேரோட நிக்கிற நாத்தை எரிக்கச் சொல்லிட்டுப் போயிட்ட. கை வரலைத்தா. நம்ம பக்கம் ஒரு முடி நாத்தைக் கூடக் கரையில எறிய மாட்டோம்ல. மேலமடையில மிஷின் நட்டுட்டுப் போன வயக்காடு பூராச் சொட்டை சொட்டையாக் கெடந்துச்சு. எங்களைத்தான் நிரப்பக் கூப்பிட்டாக. தூக்கிட்டுப் போயி அங்கிட்டு ஊனிட்டேன். ஏன், அது பிழைக்கலையா?"

பிழைத்தது. நன்றாகவே பிழைத்தது. தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழக்கமான வேர் இருந்ததால், பூஞ்சை கீழே இறங்கிப் போய்த் தன்னைத் தானே சந்தித்துக்கொண்டது. சுந்தரலிங்கம் பகலெல்லாம் மோட்டார் போட்டு இறைத்ததில் பாதியைக் கடைமடைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. குற்றச்சாட்டில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. திருடியது அவள் படிப்பு. கை போனது அவள் அப்பாவுக்கு.

வராந்தாவிலிருந்தே ஷகிலா மேடத்தைப் போனில் கூப்பிட்டாள்.

"நடந்ததை அப்படியே எழுதிக் கொடு" என்றார் மேடம். "சோதனையை நிறுத்திடலாம். மயில்துத்தம் கரைச்சு ஊத்தினா பூஞ்சை ரெண்டு பக்கமும் செத்துரும்."

"எங்க பயிரும் சேர்ந்து காயும் மேடம். அது போனாப் போகுது. எழுதுனா எங்கப்பா பொய்ச் சத்தியம் பண்ணுனவரு ஆயிருவாரு. கை வெட்டினது சரின்னு ஆயிரும்."

"யோசிச்சுச் சொல்லு" என்று மேடம் போனை வைத்தார். நாகஜோதி எழுதிக் கொடுக்கவில்லை.

* * *

அதற்குள் கீழத்தெரு தன் பங்குக்குப் பதில் சொல்லிவிட்டது. மத்தியான வெயிலில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, கண்மாய்க் கரையில் இருந்த மோட்டார் கொட்டகையின் மேல் பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்தார்கள். உள்ளே மோட்டாருக்குக் காவலாக அந்தோணி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து ஊர்க்காரன், சுந்தரலிங்கத்தின் கூலியாள், அவ்வளவுதான். கதவைத் தள்ளிக்கொண்டு எரிந்தபடியே ஓடிவந்து வறண்ட வாய்க்காலில் விழுந்தான். அவன் மேல் ஊற்ற அங்கே ஒரு குடம் தண்ணீர் இல்லை. மண்ணை அள்ளிப் போட்டார்கள். மண் போட்டவர்களில் தீ வைத்தவர்களும் இருந்தார்கள்.

அந்தோணி பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் மேலத்தெருவிலிருந்து மண் அள்ளும் இயந்திரம் வந்தது. கீழத்தெருவின் முதல் வரிசை வீடுகளை முகப்பிலிருந்து தள்ளிக்கொண்டே போனது. நடக்க மாட்டாத ஒரு கிழவர் சுவருக்கு அடியில் போனார். அந்தோணிக்கு அவர் சரியாகப் போயிற்று என்று மேலத்தெருவில் பேசிக்கொண்டார்கள். எரிந்த மோட்டார் இருந்த இடத்தில் புது மோட்டார் ஓடியது. போலீஸ் இரண்டு தெருவிலும் ஆள் பிடித்தது. பிடித்தவர்களில் கையை வெட்டிய தீபனும் இல்லை, தீ வைத்தவனும் இல்லை, இயந்திரத்தை ஓட்டியவனும் இல்லை.

தீ வைத்தவன் கருப்புராஜா. அவனே தங்கையிடம் சொன்னான். சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தான்.

நாகஜோதி மயில்துத்த மூட்டையை வயலுக்குக் கொண்டுவந்து இறக்கினாள். எதற்கென்று கேட்ட அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப இது குடிக்கிறது அவன் தண்ணியா?"

"ஆமாண்ணே."

"நல்லாக் குடிக்கட்டும். நம்ம பூட்டன் காலத்துல இருந்து குடிச்சிட்டு இருந்தானுக. இப்ப நம்ம முறை."

"அண்ணே, ரெண்டு பேரு செத்துட்டாக. இன்னும் சாவாக. இதை நிறுத்தணும்."

அவன் மூட்டையை உதைத்துத் தள்ளினான். நீலப் பொடி வரப்பெல்லாம் சிதறியது. அவள் கழுத்துத் துப்பட்டாவைச் சேர்த்துப் பிடித்து முகத்துக்கு அருகில் இழுத்தான். "வெளியில சொன்னீன்னா அப்பா கையை நீதான் ரெண்டாந்தரம் வெட்டுற. நெனப்புல வச்சுக்க."

சின்ன வயதில் அவளுக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு செங்கல் சூளைக்குப் போனவன் அவன். அவன் கையை உதற அவளுக்கு மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள். அது அவள் செய்த தப்பு. பயம் என்று அதற்குப் பெயர் வைத்தாலும் தப்புத்தான்.

கதிர் வாங்கும் சமயம், பட்டப்பகலில், தீபனும் அவன் ஆட்களும் கடைமடை வாய்க்காலின் பூட்டைத் திறந்தார்கள். லாரித் தண்ணீரை விட்டு, அதில் டிரம் டிரம்மாகக் களைக்கொல்லியைக் கவிழ்த்தார்கள். அந்த மருந்தைக் கேட்டு யாராவது தனியாக வந்தால் கடைக்காரர் முகத்தை ஏற இறங்கப் பார்த்துத்தான் கொடுப்பார். வட்டாரத்தில் உயிரை விட நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். தடுக்கப் போன பெண்களைக் கம்பால் அடித்து விரட்டினார்கள். இருளாயிக்குக் கன்ன எலும்பு உடைந்தது. நாகஜோதி வாய்க்காலுக்குள் குதித்துத் தீபனின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஊத்தாதீக. உங்க வயலுக்கும் வரும். நான் சொல்றதைக் கேளுங்க."

"வரப்புக்கு இங்கிட்டு ஊத்துனா அங்கிட்டு எப்படிடி வரும்?" என்று கேட்டு அவள் தலையைத் தண்ணீருக்குள் மிதித்தான். மருந்தின் நீலம் பாய்ந்த தண்ணீர் மூக்கில் ஏறியது. யாரோ இழுத்துப் போட்டதால் பிழைத்தாள்.

இரண்டு நாளில் கடைமடைப் பயிர் முழுக்க மஞ்சளாகிச் சாய்ந்தது. மூன்றாம் நாள் சுந்தரலிங்கத்தின் வயலும் மஞ்சளானது. ஒரு சொட்டு மருந்து படாத வயல். அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த வாரக் கடைசியில் இரண்டு பக்கமும் பயிர் தலையைத் தூக்கியது. மருந்து இரண்டு பக்க வேர்களுக்கும் பிரிந்துபோனதில் எந்தச் செடிக்கும் சாகிற அளவு கிடைக்கவில்லை. அது நாகஜோதிக்குத் தெரிந்தது. சுந்தரலிங்கத்துக்குத் தெரிந்தது வேறு.

அவர் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கீழத்தெருவுக்குள் நடந்து வந்தார். பிறந்ததிலிருந்து அவர் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. சாத்தையாவின் குடிசை வாசலில் நின்றார்.

"ஏப்பா சாத்தையா. ஒன் வயக்காட்டுல வெசம் ஊத்துனான் எம்மகன். என் பயிரு வாடுச்சு. இது மனுசன் வேலை இல்லை. நீ அணைச்ச சூடம் உண்மைன்னு ஐயனாரு காட்டிட்டாரு. நான் தப்புப் பண்ணிட்டேன்."

சாத்தையா எழுந்து நின்றார். வலது சட்டைக்கை காற்றில் ஆடியது. ஒன்றும் சொல்லவில்லை. அவர் வழக்கமாகவே அதிகம் பேசாதவர் என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வாய்க்காலுக்கு இனிப் பூட்டு இல்லை என்று பேசி முடித்தார்கள். அறுவடைக்குப் பிறகு இரு தெருவின் புது நெல்லையும் சேர்த்துக் குத்தி, ஐயனார் கோயிலில் ஒரே பொங்கல் வைப்பது என்றும் முடிவானது. மஞ்சளாகிச் சாய்ந்த பயிர் அந்த வருடம் நன்றாகவே விளைந்தது.

* * *

பொங்கலன்று காலை ஷகிலா மேடம் போன் செய்தார். நாகஜோதி அறுவடையன்று இரண்டு வயலிலிருந்தும் நெல் எடுத்து அனுப்பியிருந்தாள்.

"மருந்து நெல்லுல இருக்கு நாகஜோதி. ரெண்டு சாம்பிள்லயும் ஒரே அளவு. ஒருவேளை சாப்பிட்டா பெரியவங்களுக்குக் குமட்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைங்க விஷயம் என்னால சொல்ல முடியாது. தொடர்ந்து சாப்பிட்டா சிறுநீரகம் போயிரும், எல்லாருக்கும். நாளைக்குக் காலையில நெல்லைக் கைப்பற்ற ஆள் வராங்க. அதுவரைக்கும் யாரும் சாப்பிடாமப் பாத்துக்கோ."

அவள் கோயிலுக்கு ஓடினாள். வழியில் அண்ணனைப் பிடித்துச் சொன்னாள்.

"ஒருவேளைச் சோத்துல யாரும் சாகப்போறதில்லைன்னு அவுகளே சொல்றாகள்ல. இன்னைக்கி விடு" என்றான் கருப்புராஜா. "இந்தச் சோத்துக்குத்தான் நான் ஒருத்தனை எரிச்சிருக்கேன். இன்னைக்கி ஒருநாள் நிம்மதியாத் திங்க விடு."

கோயில் பொட்டலில் மூன்று பானைகள் பொங்கி இறக்கியாகியிருந்தன. அந்த ஊரில் புதுச் சோற்றின் முதல் கை பிள்ளைகளுக்கு. மேலத்தெருப் பிள்ளைகளும் கீழத்தெருப் பிள்ளைகளும் ஒரே பந்தியில், மாற்றி மாற்றி, வாழை இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கொக்கேந்தலில் அப்படி ஒரு பந்தியை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. படிக்கப் போனதும், ராப்பகலாக ஆய்வகத்தில் கிடந்ததும் இப்படி ஒரு பந்தியைப் பார்க்கத்தான் என்று நாகஜோதிக்குத் தோன்றியது. இதை அவள் கையாலேயே கலைக்க வேண்டும்.

"சோத்தைப் போடாதீக. வெசம் இருக்கு" என்று கத்தினாள். மேளச் சத்தத்தில் அது எடுபடவில்லை. கேட்ட இரண்டு பேரும் முகத்தைச் சுளித்தார்கள். முதல் கரண்டி இலையை நோக்கி நகர்ந்தது. அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ப் பானையைக் காலால் எட்டி உதைத்தாள்.

பானை உருண்டது. கொதிக்கிற சோறு அவள் பாதத்தின் மேல் கொட்டியது. மேளம் நின்றது. சாமிப் பொங்கலைக் காலால் உதைத்தவளைத் தீபன் முடியைப் பிடித்துச் சுழற்றித் தரையில் அடித்தான். கருப்புராஜா அவனைத் தடுக்கவில்லை. தன் பங்குக்கு அவனும் ஓர் அறை விட்டான். வாயில் ரத்தத்தோடு அவள் பேசினாள்.

"நீங்க எங்க வயல்ல ஊத்துன வெசம் ரெண்டு பக்க நெல்லுலயும் இருக்கு. நான் உண்டாக்குன பூஞ்சை வரப்புக்கு அடியில போயிருச்சு. உங்க தண்ணி அது வழியாத்தான் எங்க வயலுக்கு வந்துச்சு. தண்ணி வந்த வழியில வெசம் போச்சு."

சுந்தரலிங்கம் மெதுவாக முன்னால் வந்தார். "எங்க தண்ணி உங்க வயலுக்கு வந்துச்சா? அப்ப ஒங்கப்பன் அணைச்ச சூடம்?"

நாகஜோதி அப்பாவைப் பார்த்தாள். அவர் ஐயனார் குதிரையின் காலடியில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்காக அவள் எத்தனை பேரைச் சாக விட்டிருந்தாள்.

"பொய்" என்றாள். "அவருக்குத் தெரியாது. ஆனா பொய்."

மேலத்தெருக்காரி ஒருத்தி, "இந்தப் புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. பிள்ளைக பசியோட உக்காந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது பானையில் கரண்டியை விட்டாள். இலைகளில் சோறு விழ ஆரம்பித்தது. நாகஜோதி எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் முதுகில் யாரோ கால் வைத்திருந்தார்கள்.

சாத்தையா எழுந்தார். சாமிக்கு ஏற்றி வைத்திருந்த சூடத் தட்டை இடது கையில் எடுத்துக்கொண்டு பந்திக்கு நடுவில் வந்து நின்றார். தட்டைத் தரையில் வைத்தார்.

"எம்மக சொல்றது நெசம்" என்றார். "அவளுக்குத் தெரியாத ஒண்ணையும் சொல்றேன். தண்ணி மேலமடையில இருந்துதான் வருதுன்னு எனக்கு அப்பவே தெரியும். எங்க வரப்பை ஒட்டி நின்ன உங்க பயிருதான் முதல்ல சுருண்டுச்சு. வயக்காட்டுல கெடக்குறவன் கண்ணுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் சூடத்தை அணைச்சேன்."

"ஏன்யா?" என்று கேட்டது சுந்தரலிங்கத்தின் குரல். அதில் கோபத்தைவிட வேறு எதுவோ அதிகமாக இருந்தது.

"ஒத்துக்கிட்டா, எங்க வீட்டுல மொதமொத ஒருத்தி படிச்ச படிப்பு திருட்டுப் படிப்புன்னு ஆயிரும். அதுக்கு ஒரு கை போனாப் போகட்டும்னு நெனச்சேன். போயிருச்சு. அதோட முடியும்னு பாத்தேன், முடியலை." அவர் குனிந்தார். "மிச்சம் இருக்கிறது ஒரு கை. அதை வச்சுச் சொல்றேன். இந்தச் சோத்துல வெசம் இருக்கு."

இடது உள்ளங்கையைச் சூடத்தின் மேல் வைத்தார். அணைத்துவிட்டு எடுப்பதுதான் வழக்கம். அவர் எடுக்கவில்லை. உருகிய சூடம் விரலிடுக்கில் மறுபடி பற்றி எரிந்தது. தோல் கருகும் வாடை பந்தி முழுக்கப் பரவியது. கையை அப்படியே வைத்துக்கொண்டு, எதிரே இலையில் கை வைக்கப் போன ஒரு சின்னப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

முதல் கல் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று நாகஜோதிக்குத் தெரியாது. அது அப்பாவின் நெற்றியில் பட்டது. அதற்குப் பிறகு இரண்டு தெருவிலிருந்தும் வந்தன. தங்களைத் திருடர்களாக்கியதற்குக் கீழத்தெருவும், தங்கள் சாமியை ஏமாற்றியதற்கு மேலத்தெருவும் எறிந்தன. தீபன் எறிந்த அதே குவியலிலிருந்து கருப்புராஜாவும் எடுத்தான். அந்த ஊர் முதன்முதலாகச் சேர்ந்து செய்த காரியம் அதுதான்.

முதுகில் இருந்த கால் விலகிய நொடியில் அவள் தவழ்ந்து போய் அப்பாவின் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். கல் அவள் முதுகிலும் பின்னந்தலையிலும் விழுந்தது. அப்பாவின் வெந்த கை அவள் தலையைத் தேடி வந்து மூடியது. அந்தக் கைக்கு அடியிலிருந்து அவளுக்குப் பந்தி தெரிந்தது. தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். இலைகள் வரிசையாகக் கிடந்தன. எல்லா இலையிலும் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது.